நிமியாவுக்காக நின்ற விமானம்

கடைசி வரிசையில், கழிப்பறைக் கதவை ஒட்டியிருந்த இருக்கை நிமியாவுக்குக் கிடைத்தது. பின்னால் சாய முடியாத இருக்கை அது. மாட்ரிட் போய்ச் சேரும் வரை கதவு திறந்து மூடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் போக வேண்டும். கவுன்டரில் இருந்துகொண்டு அந்த இருக்கையை எத்தனையோ பேருக்குத் தன் கையாலேயே கொடுத்து, திட்டும் வாங்கியிருக்கிறாள். இன்று அதன் அட்டையைத் தொன் ஹெனாரோ அவள் கையில் வைத்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏம்மா, கக்கூஸ் பக்கத்துல எடம் குடுத்ததுக்கு அழுவுறியா?" என்றார் அவர். பராகுவேயின் அசுன்சியோன் விமான நிலையத்தில் அவள் கம்பெனிக்குத் தலைவர் அவர்தான். "வேற எடம் இருந்தா குடுக்க மாட்டேனா?"

"இல்ல தொன் ஹெனாரோ. இதுவே போதும். நின்னுகிட்டு வரச் சொன்னாக்கூட வருவேன்."

லபாச்சோ விமானக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு டிக்கெட் இலவசம். ஆனால் காசு கொடுத்து வாங்கினவர்கள் எல்லாரும் ஏறிய பிறகு ஏதாவது காலி இருந்தால்தான் இடம். முந்தின இரண்டு தடவையும் நிமியா பெட்டியோடு வந்து, கடைசி நிமிடத்தில் யாரோ ஒரு குடும்பம் ஓடிவர, பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பினாள். இரண்டாம் தடவை அந்தக் குடும்பத்துக்கு அட்டை எழுதிக் கொடுத்ததும் அவளேதான். அன்று கவுன்டரில் வேறு ஆள் இல்லை.

மாட்ரிட்டில் அவளுடைய அக்கா பிளாசிதா ஒரு கிழவரைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். மறுநாள் காலையில் அவளுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. மகன் சிரிலோவுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. அப்பன் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. சிகிச்சைக்கு முன்னால் ரத்த உறவு யாராவது நேரில் வந்து பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும், வராவிட்டால் அரசாங்கக் காப்பகத்துக்கு அனுப்புவோம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அக்காவிடம் அந்த ஊரில் தங்குவதற்குச் சரியான காகிதங்கள் இல்லை. அப்படிப்பட்ட தாய்க்குக் காப்பகத்துக்குப் போன பிள்ளை திரும்பக் கிடைப்பது லேசில்லை என்று அங்கே வேலைக்குப் போயிருந்த பராகுவே பெண்கள் எல்லாருக்கும் தெரியும். பிளாசிதா டெலிபோனில் அழவில்லை. "நீ வந்துடு. வேற ஒண்ணும் எனக்குச் சொல்லத் தெரியல," என்று மட்டும் சொன்னாள்.

மற்ற நாட்டு விமானங்கள் லபாச்சோக்காரர்களின் இலவசச் சீட்டை ஏற்றுக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. கம்பெனி விழப்போகிறது என்று தெரிந்ததும் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். ஆகவே குண்டம்மா ஒருத்திதான் வழி.

குண்டம்மா என்பது அந்தப் பெரிய ஜெட்டுக்கு ஊழியர்கள் வைத்த பெயர். வாலில் இளஞ்சிவப்பு லபாச்சோப் பூ வரைந்திருக்கும். அவள் முதன்முதலாக அசுன்சியோனில் இறங்கிய அன்று நாடே விடுமுறை விட்டுக்கொண்டு வந்து பார்த்தது. ராணுவ வாத்தியம் வாசித்தது. ஆர்ச்பிஷப் விமானத்தின் மூக்கில் புனித நீர் தெளித்தார். அப்போது நிமியாவுக்கு ஐந்து வயது. அம்மாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு பார்த்தாளாம். அவளுக்கு நினைவில்லை. நினைவிருப்பதாகப் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

இப்போது கம்பெனியில் பறக்கிற நிலையில் இருந்தது குண்டம்மா மட்டும்தான். மற்ற விமானங்களிலிருந்து ஒவ்வொரு சாமானாகக் கழற்றி இவளுக்குப் போட்டதில், அவை விமானக் கொட்டகைக்குப் பின்னால் எலும்பாக நின்றன. குண்டம்மாவும் சொந்தமில்லை. வடக்கே ஒரு நாட்டுக் கம்பெனியிடமிருந்து வாடகைக்கு எடுத்தது, வாடகை கட்டுவது எப்போதோ நின்றுபோயிருந்தது. விமானத்தைப் பிடிக்கக் கோர்ட்டு ஆணை வாங்கிவிட்டார்கள், இன்றோ நாளையோ ஆள் வருவான் என்று காலையிலிருந்தே பேச்சு.

ஏணிப்படியின் கீழே கேப்டன் இன்ஸ்ஃப்ரான் நிமியாவைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். "பயப்படாத பொண்ணே. சக்கரம் தரைய விட்டுடுச்சுன்னா எந்தக் கோர்ட்டுக் காகிதமும் பறந்து வந்து ஒட்டாது. மாட்ரிட்ல போய்ப் புடிச்சுக்கட்டும். அதுக்குள்ள உங்க அத்தன பேரையும் எறக்கி விட்டுருவேன்."

எனவே நிமியாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தச் சக்கரம் தரையை விட வேண்டும்.

அவள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். எல்லா இருக்கைகளும் நிரம்பிவிட்டன. பெட்டிகள் ஏறிவிட்டன. எரிபொருள் வண்டி விலகிப்போனது. வழக்கமாக இதற்கடுத்து முன்கதவு மூடும் சத்தம் கேட்க வேண்டும். அது கேட்கவில்லை. சூடு உள்ளே வந்துகொண்டிருந்தது. முன்னிருக்கைக்காரர் தெர்மாஸைத் திறந்து கொம்புக் குவளையில் இருந்த இலைத்தூள்மேல் ஐஸ் தண்ணீர் ஊற்றித் தெரெரே பானம் தயாரித்தார். விமானம் இப்போதைக்குக் கிளம்பாது என்று இவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது என்று நிமியாவுக்குத் தோன்றியது. தனக்கு வீண் சந்தேகம் என்றும் தோன்றியது.

பணிப்பெண் சுனில்டா நடைவழியில் சிரித்துக்கொண்டே வந்தாள். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"அடியே, ஒரு நல்ல சேதி. உங்கம்மா போன் பண்ணாங்க."

"அம்மாவா? எதுக்கு?"

"வந்துகிட்டு இருக்காங்களாம். பேரனுக்குச் சட்ட தைச்சு வெச்சிருக்காங்களாம். சிப்பா ரொட்டி சுட்டு எடுத்துட்டு வராங்களாம். சான் லொரென்சோகிட்ட பஸ்ஸு பஞ்சர். வேற பஸ் ஏறிட்டாங்களாம். கவலப்படாத, தொன் ஹெனாரோ சொல்லிட்டாரு, கதவ மூட வேணாம்னு."

நிமியா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "வேணாம் சுனில்டா. அம்மாகிட்ட நான் நேத்தே விடை வாங்கிட்டு வந்தாச்சு. நீ போய் மூடச் சொல்லு."

"சும்மா இருடி. வெட்கப்படாத."

"வெட்கம் இல்லடி! கோர்ட்டு ஆளு வந்தா?"

"வரவன் இவ்வளவு நேரம் வந்திருக்க மாட்டானா? சியெஸ்தா நேரம் வேற. எந்தக் கோர்ட்டு ஆளு இந்த வெயில்ல தூக்கத்த விட்டு வருவான்?" சுனில்டா அவள் கன்னத்தைத் தட்டினாள். "முப்பது வருஷமா ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் நின்னுச்சு. நம்ம வீட்டுப் பொண்ணுக்கு நிக்காதா?"

லபாச்சோவில் விமானம் காத்திருக்கும். அதை யாரும் விதியாகப் போடவில்லை. கம்பெனி ஆரம்பித்த காலத்தில் இரண்டே இரண்டு ப்ரொப்பெல்லர் விமானங்கள் இருந்தன. வடக்கே ஆற்றங்கரை ஊர்களில் டெலிபோன் கிடையாது. விமானி ஊருக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றுவார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் ஜனங்கள் குளித்து, உடுத்தி, கோழியைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு மாட்டு வண்டியில் கிளம்புவார்கள். விமானம் புல்தரையில் நிற்கும். விமானி இறக்கையின் நிழலில் உட்கார்ந்து தெரெரே குடிப்பார். யாரையும் விட்டுவிட்டுப் போனதில்லை. போனால் அடுத்த வாரம் அதே ஊரில் இறங்க முகம் இருக்காது. பிறகு ஜெட் வந்தது, கண்ணாடிக் கட்டடம் வந்தது, டெலிபோனும் வந்தது. பழக்கம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. மற்ற நாட்டு விமானம் நேரத்துக்குப் போகும், நம்முடையது ஆளோடு போகும் என்று ஹெனாரோ புதிதாகச் சேர்கிறவர்களிடம் சொல்லுவார். நிமியாவிடமும் சொன்னார். அவளும் நம்பினாள். பாஸ்போர்ட்டை மறந்துவிட்டு வந்த ஹார்ப் வாத்தியக்காரர் வீட்டுக்குப் போய்த் திரும்பும் வரை அவள் ஒரு விமானத்தை நிறுத்தி வைத்திருக்கிறாள். அவர் அவள் கல்யாணத்துக்கு இலவசமாக வந்து வாசிப்பதாகச் சத்தியம் செய்தார். அன்று வீட்டுக்குப் போகும்போது மனசு எவ்வளவு நிறைந்திருந்தது என்பது இப்போது ஞாபகம் வந்தது. ஹார்ப்காரரோடு அதே விமானத்தில் போனவர்களில் யாருக்கு என்ன அவசரம் இருந்ததோ, அன்று அவள் யோசிக்கவே இல்லை.

சேதி இருக்கை இருக்கையாகப் பரவியது.

"யாருக்குக் காத்திருக்கோம்?"

"கடைசி சீட்டுப் பொண்ணோட அம்மாவாம். பேரப்பிள்ளைக்குச் சிப்பா கொண்டு வராங்களாம்."

"அடடா. வரட்டும், வரட்டும்."

"எல்லாருக்கும் சேத்துச் சுட்டிருக்காங்களான்னு கேளு!"

சிரித்தார்கள். யாரோ கை தட்டினார்கள். நிமியா எழுந்து நின்று, "தயவுசெஞ்சு வேணாம்னு சொல்லுங்க, நாம போயிடலாம்," என்றாள். அதைப் பெண்ணின் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் அன்பாகச் சிரித்தார்கள். கறுப்பு அங்கி போட்ட கன்னியாஸ்திரி ஒருத்தி அவள் கையைப் பிடித்து, "தாயை விட என்ன அவசரம் மகளே?" என்றாள்.

ஒரே ஒரு ஆள்தான் முறைத்தான். கோட்டுப் போட்ட ஸ்பெயின்காரன். "இது விமானமா, டவுன் பஸ்ஸா?" என்று கத்தினான். "ஒரு கிழவிக்காக இத்தனை பேர் வெந்து சாகணுமா?"

"ஏய்யா, நீ வானத்துலேர்ந்து விழுந்தியா? உனக்கு அம்மா இல்ல?" என்று தெரெரேக்காரர் திருப்பிக் கேட்டார்.

அந்தப் பெரிய விமானத்தில் தன் கட்சியில் இருக்கிறவன் அவன் ஒருவன்தான் என்று நிமியா நினைத்தாள். கவுன்டரில் இருந்திருந்தால் அவனுக்குத் தெரெரேக்காரர் சொன்னதையே அவளும் சொல்லியிருப்பாள்.

அவள் பெல்ட்டைக் கழற்றிவிட்டு முன்கதவுக்குப் போனாள். வழியில் ஒரு எண்ணம் வந்தது. கதவின் பிடியை எப்படித் திருப்புவது என்று அவளுக்குத் தெரியும். தானே இழுத்து மூடிவிட்டால்? ஆனால் மூடினாலும் விமானத்தை ஓட்டப்போவது அவள் இல்லை. ஏணியை எடுக்கப்போவதும் அவள் இல்லை. அம்மாவின் முகத்தில் கதவைச் சாத்தினாள் என்றுதான் பேச்சாகும். அதுகூடப் பரவாயில்லை. அவள் கை பிடிவரை போனது. பிறகு விட்டுவிட்டது. ஏன் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

ஏணிப்படியின் அடியில் ஹெனாரோவும் கேப்டனும் நிழலில் நின்றார்கள். ஓடுபாதைப் பக்கத்து இரும்பு கேட் அகலமாகத் திறந்து கிடந்தது. அம்மா கட்டடத்தைச் சுற்றி வந்தால் நேரமாகும் என்று, நேரே உள்ளே வர ஹெனாரோவே சாவி கொடுத்துத் திறக்கச் சொல்லியிருந்தார்.

"தொன் ஹெனாரோ, நான் உங்க கால்ல விழுறேன். கிளம்பலாம். அம்மா கோவிச்சுக்க மாட்டாங்க."

"அம்மா கோவிச்சுக்க மாட்டாங்க. நான் என்னைய மன்னிக்க மாட்டேன்மா." ஹெனாரோ விமானத்தின் வாலை நிமிர்ந்து பார்த்தார். "இது கடைசிப் பயணம்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இத்தன வருஷத்துல ஒருத்தரையும் விட்டுட்டுப் போகல. கடைசி நாள்ல, நம்ம பொண்ணோட அம்மாவ ரோட்டுல விட்டுட்டுப் போனோம்னு ஆகணுமா?"

"அக்கா பிள்ளய எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"எடுக்க விட்டுருவோமா? அதுக்குத்தானே உன்னைக் கூட்டிட்டுப் போறோம்?"

அவள் கேப்டனைப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "மேல போனதும் நேரத்தப் புடிச்சுருவேன்," என்றார். இருவர் முகத்திலும் அவள் மேல் இருந்த பிரியம் அப்படியே தெரிந்தது. அதோடு எப்படிச் சண்டை போடுவது? வில்லன்களாக இருந்திருந்தால் கத்தியிருப்பாள்.

டாக்சி ஒன்று கேட்டுக்கு வெளியே நின்றது. அம்மா இறங்கி, வெள்ளைத் துணி மூடிய கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சூடான தார்த்தரையில் ஓடிவந்தாள். ஒரு கால் செருப்பு கழன்று விழ, அதைத் திரும்பி எடுத்து மாட்டிக்கொண்டாள். ஜன்னல்களிலிருந்து ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள்.

"பஸ்ஸுக்காரன் நாசமாப் போக," என்று மூச்சிரைத்தாள் அம்மா. "இந்தா. சூடு ஆறல பாரு. கீழ உள்ளது பிளாசிதாவுக்கு, ஆபரேஷன் முடிஞ்சப்புறம் குடு. மேல உள்ளது வழிக்கு. சட்டைய அவனுக்குப் போட்டுப் பாத்து எழுது, கை நீளமா இருந்தா மடிச்சு வுடு—"

"சரிம்மா. நான் போறேன்மா."

"இருடி, கேப்டன் தம்பிக்கு ஒண்ணு குடுத்துட்டு வரேன். இத்தன நேரம் நின்னிருக்காரு, வெறும் வயித்தோட அனுப்புவாங்களா?"

கேப்டன் ஒரு சிப்பாவை எடுத்துக்கொண்டு அம்மாவின் கையை முத்தமிட்டார். ஹெனாரோ ஒன்று எடுத்துக்கொண்டார். அம்மா ஏணி தள்ளுகிற ஆட்களுக்கும் நீட்டினாள். நிமியா கூடையோடு படியில் பாதி ஏறி நின்று, "அம்மா!" என்று கத்தினாள். அப்போதுதான் திறந்திருந்த கேட் வழியாக வெள்ளை பிக்கப் வண்டி ஒன்று உள்ளே வந்ததைப் பார்த்தாள்.

அது அவசரப்படவில்லை. வளைந்து வந்து, குண்டம்மாவின் முன்சக்கரத்துக்கு நேர் எதிரே நின்றது. இறங்கியவன் இளைஞன். கழுத்துப்பட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கையில் கோர்ட்டு முத்திரை போட்ட உறை, தோளில் சங்கிலி.

"மன்னிச்சுக்கங்க," என்றான் முதல் வார்த்தையாக. "இங்க பொறுப்பு யாரு?"

ஹெனாரோவின் வாயில் சிப்பா இருந்தது. அவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

"ஆபீஸ் வழியா வந்தா அனுமதி, கையெழுத்துன்னு ரொம்ப நேரம் ஆகும்னு சொன்னாங்க," என்றான் அவன். "அதுக்குள்ள நீங்க போயிருப்பீங்கன்னுதான் நெனச்சேன். கேட்டு திறந்திருந்துச்சு." நிஜமாகவே வருத்தப்படுகிறவனாகத்தான் இருந்தான். "நீங்க போயிருந்தா எனக்கும் நிம்மதியா இருந்திருக்கும் ஐயா. எங்க சித்தப்பா உங்க கொட்டகையிலதான் மெக்கானிக்."

கேப்டன் அவனிடம் பேசிப் பார்த்தார். விமானம் நிறைய ஆட்கள், நோயாளிகள், ஒரு குழந்தை விஷயம் என்றார். அவன் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டான். கேட்டுக்கொண்டே சங்கிலியை முன்சக்கரத்தில் சுற்றினான். பூட்டு முதல் தடவை விழவில்லை. ஏணி தள்ளுகிறவர்களில் ஒருவன், பழக்கதோஷமாக, குனிந்து அதைப் பிடித்துக் கொடுத்தான்.

பயணிகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஸ்பெயின்காரன் நிமியாவைக் கடந்தபோது ஒரு நிமிடம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனான். கன்னியாஸ்திரி சிலுவை போட்டுவிட்டுப் போனாள். சுனில்டா கதவருகில் நின்று எல்லாருக்கும் "நன்றி, மறுபடியும் வாங்க" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொல்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது போலிருந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப எப்பதான் கிளம்பும்?" என்று அம்மா கேட்டாள்.

கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை நான் வந்தேன். இல்லேன்னா நீ தனியா இல்ல தவிச்சிருப்ப," என்று அம்மா நிமியாவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். நிமியா தலையாட்டினாள். காத்து நின்றதால்தான் விமானம் பிடிபட்டது என்பதை அம்மாவிடம் என்றைக்கும் சொல்லப்போவதில்லை என்று அந்த நிமிடத்திலேயே முடிவாகிவிட்டது. ஹெனாரோ அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கேட்டை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

நிலைய அலுவலகத்துக்குப் போய் அவள் டெலிபோனை எடுத்தாள். மருத்துவமனை எண் மனப்பாடம். அங்கே மாலை ஆகியிருக்கும்.

"நிமியாவா?" என்றாள் பிளாசிதா. "நீ எப்படிப் போன்ல பேசுற? நீ இப்ப மேல பறந்துகிட்டு இல்ல இருக்கணும்?"

"அக்கா."

"நிமியா, நீ மேல இருக்கணும்."

"விமானத்தப் புடிச்சுட்டாங்கக்கா. சங்கிலி போட்டுட்டாங்க. நான் உள்ள உக்காந்துட்டேன். சத்தியமா பெல்ட்டெல்லாம் போட்டுட்டேன்."

அந்தப் பக்கம் அழுகை வரும் என்று காத்திருந்தாள். வந்தது மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு பிளாசிதா யாரிடமோ ஸ்பானிஷில் மெதுவாக, "வரலயாம்," என்று சொன்னது கேட்டது. அதன் பிறகுதான் அழுகை.

டெலிபோன் கை மாறியது. வேறொரு பெண்ணின் குரல். கண்டிப்பானதும் இல்லை, இனிப்பானதும் இல்லை.

"நீங்க சித்தியா? நான் காப்பகத்துலேர்ந்து வந்திருக்கேன், யாரும் வரலேன்னா குழந்தையக் கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்காங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நான் பேசுறது அவனுக்குப் புரியல. அவன் பேசுறது எனக்குப் புரியல. உங்க அக்கா இப்ப சொல்ற நெலமையில இல்ல."

"அக்கா அவன்கிட்ட எங்க குவாரனி பாஷையிலதான் பேசுவா," என்றாள் நிமியா. "நாங்க வீட்ல அப்படித்தான்."

"அவனோட வார்த்தைகளச் சொல்றீங்களா? குறிச்சுக்கிறேன்."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமியா சொன்னாள். தொண்டைக்குள்ளிருந்து 'உ' என்றால் தண்ணீர். 'அகே' என்றால் தூக்கம் வருகிறது. 'ஹாசு' என்றால் எங்கோ வலிக்கிறது, எங்கே என்று அவனே கை வைத்துக் காட்டுவான். அவள் அவனை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. அக்கா டெலிபோனில் சொல்லச் சொல்லத் தெரிந்துகொண்டது இவ்வளவும். சரியாகத்தான் சொல்கிறோமா, தாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது சொன்னதைக் கலந்து சொல்கிறோமா என்று சந்தேகம் வந்தது. இருந்தாலும் சொன்னாள். அந்தப் பெண் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள், தப்புத் தப்பாக. நிமியா திருத்தினாள்.

"இன்னொண்ணு. கதவுகிட்ட போய் நின்னுகிட்டு 'ஜஹா, ஜஹா'ங்கிறான். அது என்ன?"

"போகலாம்னு அர்த்தம்."

"ஓ. இப்பவும் அங்கதான் நிக்கிறான். அப்படிக் கேட்டா நான் என்ன பதில் சொல்லணும்?"

ஜன்னலுக்கு வெளியே அம்மா நிழலில் உட்கார்ந்து, கோர்ட்டு இளைஞனுக்கும் கூடையிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, பிறகு வாங்கிக்கொண்டான்.

"பதில் ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றாள் நிமியா. "தூக்கிக்கங்க."

டெலிபோன் ஏதோ ஒரு கட்டிலில் வைக்கப்படும் ஓசை கேட்டது. காலடிகள் தூரமாகப் போயின. குழந்தை ஒரு முறை, சந்தோஷமாக, "ஜஹா!" என்றான். பிறகு தெரியாத கை பட்டதும் வீறிட்டான். நிமியா ரிசீவரைக் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அழுகை ஒரு கதவைத் தாண்டி, நீளமான நடைவழியில் சிறிதாகிக்கொண்டே போவதைக் கடைசிவரை கேட்டாள்.